எல்லாத் திணைக்கும் ஒரு டயர்

1

டயர் வாங்கப் போன கதையெல்லாம் விமர்சனக் கட்டுரை ஆகுமா என்று முகம் சுளிக்கப் போகிற நண்பர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரதி என்பது அச்சடித்த தாள் மட்டுமல்ல என்பதை நாம் கொள்கையளவில் எப்போதோ ஏற்றுக்கொண்டாயிற்று. ஆனாலும் கை பழக்கதோஷத்தில் கவிதைத் தொகுப்பையும் நாவலையும்தான் எடுத்துப் பிரித்துப் போடுகிறது. தெருவில் நிற்கிற வண்டியை வாசிக்க நமக்குக் கூச்சம். அதற்குள் ஏதோ ‘இலக்கியமல்லாத’ அழுக்கு ஒட்டிக்கொண்டிருப்பதாக ஒரு நினைப்பு.

ரோலான் பார்த்துக்கு இந்தக் கூச்சம் இல்லை. 1957-ல் வந்த அவருடைய ‘மித்தாலஜிஸ்’ நூலில் சிட்ரோன் டி.எஸ். காரைப் பற்றி ஒரு கட்டுரை உண்டு. 1955 பாரிஸ் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்ட கார் அது. அதன் பெயரைப் பிரெஞ்சில் சொன்னால் ‘பெண் தெய்வம்’ என்று காதில் விழும். கோதிக் தேவாலயங்களுக்குச் சமமாகக் காரை வைத்துப் பேசியவர் அவர். ஆனால் அவர் வாசித்தது மண்டபத்தில் நிற்கிற கார். அந்தக் காரின் விசேஷமே எண்ணெயும் வாயுவும் சேர்ந்து தாங்குகிற சஸ்பென்ஷன்தான். ஓட்டுகிறவர் ஒரு நெம்புகோலைத் தள்ளி வண்டியின் உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். அந்த உயரத்தில் ஏறி உட்காருகிறவர் யார், அது எந்தத் தெரு வழியாகப் போகிறது, யாரைக் கடந்து போகிறது என்கிற கேள்விகளுக்குக் கண்காட்சி மண்டபத்தில் இடமில்லை. நமது வாசிப்பு அங்கே தொடங்க முடியாது. டயர்க் கடையில்தான் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊர் முக்கூடல். பள்ளு பாடப்பட்ட முக்கூடல் அல்ல; அது சீவலப்பேரிப் பக்கம். இது பாப்பாக்குடிக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் முத்துமாலை அம்மன் கோவில் இருக்கிற, பீடிக்குப் பேர்போன முக்கூடல். என் அத்தை இந்த ஊரில் ஐம்பது வருஷமாகப் பீடி சுற்றியவள். அத்தை மகன் - எனக்கு அத்தான் - பதினெட்டு வருஷம் சவுதியில் கனரக வண்டி ஓட்டிவிட்டு வந்து, போன வருஷம் ஒரு பெரிய எஸ்.யூ.வி.யை இரண்டாம் கையாக வாங்கினார். டயர் நாலும் தேய்ந்திருந்தன. டயரை மாற்றுகிற கையோடு வண்டியைத் தூக்கவும் வேண்டும் என்றார். என்னைத் துணைக்குக் கூப்பிட்டார்.

“மாப்ளே, நீ எம்.ஏ. படிச்சவன்லா. டயர்ல என்னமோ எழுதியிருக்கு, வந்து படி.”

கேலிதான். அவருக்குத் தெரியாத டயர் கிடையாது. ஆனால் நான் படிக்கத்தான் போனேன்.

2

டயரின் பக்கச்சுவர் ஒரு நெருக்கமான பிரதி. 265/65 ஆர் 17 என்று இருந்தது. அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம். ஆர் என்பது உள்ளே நூலடுக்கு ஆரக்கால்போல ஓடுகிற ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். இந்த ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் என்று மூன்று அளவை முறைகள். அதற்குப் பின்னால் 112 டி. 112 என்றால் ஒரு டயர் 1120 கிலோ தாங்கும். டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. இன்னொரு மூலையில் நாலு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 2324 என்றிருந்தால் 2024-ஆம் வருஷம் 23-ஆம் வாரம் பிறந்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயசு உண்டு, அதனால் கடைக்காரர் சொல்கிற விலையைக் கேட்பதற்கு முன்னால் இந்த நாலு இலக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று அத்தான் சொல்லிக்கொடுத்தார். சில டயர்களில் மலைமேல் பனித்துளிப் படமும் இருந்தது. பனியிலும் ஓடும் என்பதற்கான முத்திரை. முக்கூடலில் அதை வாசிக்கிறவன் சிரிக்கலாம். ஆனால் கவனிக்க வேண்டியது, டயர் தான் போகப்போகிற ஊரை முன்கூட்டியே அழித்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறது என்பது.

டயரில் மூன்று சாதி. வார்த்தை தற்செயலாக விழவில்லை. எச்.டி. என்பது தார்ச்சாலைக்கானது: நெருக்கமான பட்டன், சத்தம் குறைவு, மழையில் பிரேக் நன்றாகப் பிடிக்கும். எம்.டி. சகதிக்கானது: பட்டன்கள் தனித்தனிப் பாறைபோல நிற்கும், நடுவில் அகலமான பள்ளம், சேற்றை வாரி வெளியே எறியும், தார்ச்சாலையில் ஊளையிடும், சீக்கிரம் தேயும், ஈரச்சாலையில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் ஏ.டி. - எல்லா நிலத்துக்குமானது. கம்பெனி டயரைவிடப் பெரும்பாலும் கனம். சக்கரத்தில் கூடுகிற கனம் டிக்கியில் கூடுகிற கனம்போல அல்ல. ஒவ்வொரு தடவையும் அதைச் சுழற்ற வேண்டும், நிறுத்த வேண்டும், குழியில் விழுந்தால் தூக்க வேண்டும். மைலேஜ் குறையும். ஸ்டியரிங் சற்றுச் சோம்பும்.

தமிழ் படித்தவனை ‘எல்லா நிலத்துக்குமானது’ என்கிற சொல் சும்மா விடாது. நமக்கு நிலம் என்பது ஒருபோதும் வெறும் பரப்பாக இருந்ததில்லை. நிலத்தோடு பொழுது, பொழுதோடு தெய்வம், தொழில், பறை, புலம்பல் என்று ஒரு முழு வாழ்வு கட்டப்பட்டிருந்தது. (அந்தக் கட்டுக்குள் யார் ‘கிழவன்’, யார் ‘வினைவலர்’ என்கிற அதிகாரப் படிநிலை இருந்ததையும் மறந்துவிட்டுத் திணைக்கோட்பாட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆட வேண்டியதில்லை.) டயரின் இலக்கணம் வேறு. அதற்கு நிலம் என்பது பிடிமானத்தின் அளவு மட்டுமே. குறிஞ்சிக்கும் நெய்தலுக்கும் உள்ள வேறுபாடு காற்றழுத்தத்தின் வேறுபாடு.

ஆனால் இங்கேதான் பிரதி தன்னையே மறுக்கிறது. எல்லா நிலத்துக்குமான டயர் எல்லா நிலத்திலும் ஓடுவதில்லை. குதிரைமொழித் தேரிக்காட்டின் சிவப்பு மணலில் இறக்கினால் எந்தப் பட்டனும் உதவாது. காற்றைப் பாதிக்குப் பாதி இறக்கி, டயரைச் சப்பையாக்கி, மணல்மேல் மிதக்கவிட வேண்டும். “சவுதில இதைத்தான் செஞ்சோம். டயரு இல்ல மாப்ளே, காத்துதான் விஷயம்” என்றார் அத்தான். மழை விழுந்த ஓட்டப்பிடாரம், விளாத்திகுளம் கரிசலில் ஏ.டி. டயரின் இடுக்குகள் ஐந்து நிமிஷத்தில் அப்பிக்கொள்ளும். அதற்கப்புறம் நாலும் வழுவழுப்பான உருளைகள். உழுத வயலில் இறங்கினால் டிராக்டரின் இரும்புக் கேஜ் வீலுக்குத்தான் அங்கே மரியாதை. நிலம் தன் வேறுபாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த வேறுபாட்டை இல்லையென்று சொன்னது டயரின் பெயர் மட்டும்தான். சரக்கைவிடச் சரக்கின் பெயர் விலை அதிகம் என்பது நமக்குப் புதிதா என்ன.

அத்தான் வருஷத்தில் எத்தனை நாள் தார்ச்சாலையை விட்டு இறங்குகிறார் என்று கணக்குப் போட்டோம். நாற்கரச்சாலை, திருநெல்வேலி ரோடு, கடையம் ரோடு, மாசத்துக்கு நாலு தடவை தோட்டத்துக்குப் போகிற வண்டிப்பாதை. நூறு கிலோமீட்டரில் ஐந்துகூட மண் இல்லை. “அப்ப எச்.டி. போதும்லா அத்தான்?” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.

3

அடுத்தது தூக்குவது. லிஃப்ட் கிட் என்று விற்கிறார்கள். இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீட்டர், என்பதுதான் அதிகம் போகிற சரக்கு. மலிவான வழி, இருக்கிற ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு ஸ்பேசர் கட்டையை வைத்து உயர்த்துவது. விலை கூடிய வழி, ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மொத்தமாக மாற்றுவது. கட்டை வைத்தால் வண்டி உயரும். ஆனால் சக்கரம் கீழே தொங்கி இறங்குவதற்கு இருந்த இடத்தை அது தின்றுவிடும். முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற தண்டு கூடுதல் கோணத்தில் வேலை செய்ய வேண்டியிருக்கும். ரப்பர் உறை கிழியும், மூட்டு தேயும். சக்கரங்களின் சாய்வுக் கோணம் மாறும். அலைன்மெண்ட் செய்யாவிட்டால் புது டயர் ஓரத்தில் தேயும். பின்பக்கம் பிரேக் குழாய் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் கனமையம் உயரும். வளைவில் சாயும்.

இவையெல்லாம் எந்த மெக்கானிக்கும் சொல்வது. இதில் ஒன்றை மட்டும் எல்லா வாசகர்களும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், கட்டுரை அதன்மேல்தான் நிற்கிறது. பின்னால் முழு அச்சு உள்ள வண்டியில் ஸ்பிரிங் உயர்த்துவது உடம்பை மட்டும்தான். அச்சை உயர்த்துவதில்லை. அச்சின் நடுவில் குடம்போலத் தொங்குகிற டிஃபரன்ஷியல் கூண்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அங்கேயேதான் இருக்கும். பாதையில் கல் இடித்தால் அதில்தான் இடிக்கும். அச்சைத் தூக்க வேண்டுமானால் டயரின் விட்டத்தைக் கூட்ட வேண்டும். 265/65-க்குப் பதில் 265/70 போட்டால் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 803-க்குப் போகும்; அச்சு அதில் பாதி, 13 மில்லிமீட்டர் உயரும். ஒரு விரல் அகலம்கூட இல்லை. மீட்டர் நூறு காட்டும்போது வண்டி உண்மையில் 103-க்கு மேல் போகும். இவ்வளவு கலவரத்துக்கும் அச்சுக்குக் கிடைப்பது இதுதான்.

சட்டம் வேறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் இருக்கிற விவரம் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2017 டிசம்பரில் முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பு கூடாது என்று மத்திய அரசு எழுதியதும் இதே பிரிவைக் காட்டித்தான். தூக்கிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுக் கம்பெனி கைவிரிக்க இது போதும்.

ஆனால் அரசே உயரத்தை அளக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஜி.எஸ்.டி.யின் இழப்பீட்டு மேல்வரிக்காக எஸ்.யூ.வி. என்றால் என்ன என்று 2022 டிசம்பரில் விளக்கம் தந்தார்கள். நீளம் 4000 மில்லிமீட்டருக்கு மேல், இன்ஜின் 1500 சி.சி.க்கு மேல், தரை இடைவெளி 170 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். இந்த மூன்றோடு நாலாவது ஒன்று: அது எஸ்.யூ.வி. என்று பரவலாக அழைக்கப்பட வேண்டும். மூன்று நிபந்தனைகளை டேப் வைத்து அளந்த அரசு நாலாவதற்கு மக்கள் வழக்கிடம் போய்க் கைகட்டி நிற்கிறது. பெயர்தான் பொருளை உண்டாக்குகிறது என்று மொழியியல் சொன்னால் நம்மூரில் அடிக்க வருகிறார்கள். வரித்துறை சொன்னால் 22 சதவீதம் மேல்வரி. (2025 செப்டம்பர் 22 முதல் இந்த மேல்வரி போய், பெரிய வண்டிக்கு 40 சதவீதம் என்று ஒரே வரியாயிற்று.)

4

“எதுக்கு அத்தான் உசரம்?” என்று கேட்டேன்.

முதலில் வெள்ளத்தைச் சொன்னார். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் மீறிப் போனது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நின்றுபோனது. சரி. ஆனால் அந்த மூன்று நாளில் மனுஷனைக் காப்பாற்றியது டிராக்டரும் மீனவர்கள் கொண்டுவந்த படகும்தானே? ஓடுகிற வெள்ளத்தில் இரண்டு அங்குலம் என்ன செய்யும்? இதையும் அவரே ஒத்துக்கொண்டார்.

அப்புறம் கொஞ்சநேரம் கழித்துச் சொன்னார்: “எங்க அய்யா அந்தத் தெருவுல சைக்கிள்ல இருந்து இறங்கி, உருட்டிட்டுத்தான் போவாரு. நான் பின்னாடி நடந்து வருவேன். ஏழு வயசு. நீ பொறக்கல அப்ப.”

தெருவின் பெயரை எழுதப் போவதில்லை. அப்படியொரு தெரு இல்லாத ஊர் இந்த மாவட்டத்தில் எத்தனை என்று வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம்.

சில வருஷங்களுக்கு முன் திருநெல்வேலியில் நடந்த ஒரு கூட்டத்தில் ‘நுகர்வுக் கலாச்சாரமும் தன்னிலையின் சிதைவும்’ என்று நான் நாற்பது நிமிஷம் பேசினேன். உதாரணம் காட்டியது பெரிய கார். அத்தான் பின்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்த டீயின் அர்த்தம் எனக்கு டயர்க் கடையில்தான் விளங்கியது. சரக்கை வாங்குகிறவனை ‘மயங்கியவன்’ என்று சொல்வதற்கு, சரக்கு ஒருபோதும் மறுக்கப்படாத இடத்தில் நின்றுகொண்டிருக்க வேண்டும். பொருளின் மீதான விரக்தி பொருள் இருந்தவனின் சலுகை. செருப்பு, குடை, சைக்கிள், மேல்துண்டு என்று ஒவ்வொன்றுக்கும் தடை இருந்த நிலத்தில், ஒரு சாமானை வாங்குவது எப்போது மயக்கம், எப்போது மறுப்பு என்று பிரிக்கிற அளவுகோல் நம்முடைய இடதுசாரிப் பைகளில் இல்லை.

சஸ்பென்ஷனுக்கு நம் மொழியில் பழைய சொல் ஒன்று இருக்கிறது: வில். மொட்டை வண்டி, பாரவண்டி சரக்குக்கும் உழைப்புக்கும். அச்சின்மேல் எஃகு வில் பூட்டி, மெத்தை போட்டு, கூண்டு கட்டியது வில்வண்டி. அது மிராசுகளுக்கு, வீட்டுப் பெண்களைக் கோவிலுக்குக் கூட்டிப்போக. சாலையின் குலுக்கல் யார் உடம்புக்கு வரலாம், யார் உடம்புக்கு வரக்கூடாது என்பதைத் தீர்மானிக்கிற சாதனம் வில். மலைக்கு அந்தப்பக்கம், வெங்ஙானூரில், 1893-ல் அய்யன்காளி ஒரு வில்லுவண்டி வாங்கி, வெள்ளை உடுப்பும் தலைப்பாகையுமாக, மணி கட்டிய காளைகளைப் பூட்டி, தன் சாதிக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் ஓட்டிக்கொண்டு போனார். அதை ‘நுகர்வு’ என்று யாராவது எழுதுவார்களா? அந்த வண்டி எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது முக்கியமில்லை. அது போவதுதான் வாக்கியம். ஆக, உயரமும் வில்லும் நமது சமூகத்தில் வெறும் பொறியியல் அல்ல. இந்த வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அத்தான் கேட்கிற இரண்டு அங்குலம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியவில்லை. இறங்காமல் போக வேண்டும். அவ்வளவுதான்.

5

இந்த இடத்தில் கட்டுரையை முடித்து, ‘எதிர்க் குறியீடு’ என்று பட்டம் கட்டிவிட்டுப் போய்விடலாம். பல பேர் அப்படித்தான் செய்கிறோம். எனக்கு அதில் இரண்டு தடை.

முதலாவது, குறி ஒன்று, வரலாறு இரண்டு. உயர்த்திய வண்டிகள் வரிசையாக, கண்ணாடியில் சாதிப் பெயரும் தலைவர் படமும் ஒட்டி, ஹாரன் அலறப் போகிற ஊர்வலங்களை வருஷா வருஷம் நாம் பார்க்கிறோம். அதே டயர், அதே லிஃப்ட். ஒரு காலத்தில் இறங்கச் சொன்ன தெருவின் பேரன்களும் அதே கிட்டைத்தான் வாங்குகிறார்கள். அய்யன்காளியின் வண்டி யாரையும் இறங்கச் சொல்லவில்லை. உயர்த்திய வண்டி சொல்கிறது. ஹெட்லைட்டைத் திரும்பச் சரிசெய்யாவிட்டால் அதன் வெளிச்சம் எதிரே சைக்கிளில் வருகிறவன் கண்ணில் விழும். பானெட் உயர உயர, அதற்குக் கீழே நிற்கிறவர் ஓட்டுகிறவருக்குத் தெரியமாட்டார். ஆதிக்கத்தின் சாமானைக் கைப்பற்றும்போது ஆதிக்கத்தின் பார்வைக் கோணமும் சேர்ந்து வந்துவிடுகிறது. இதை நான் தத்துவமாகச் சொல்லவில்லை, கண்ணால் பார்த்தேன்; பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது, அந்த அச்சு. ஸ்பிரிங் உடம்பை உயர்த்துகிறது, அச்சு இருந்த இடத்திலேயே இருக்கிறது. முக்கூடற்பள்ளை எடுத்துப் பாருங்கள். ஆசிரியர் பெயர் தெரியாத அந்தப் பிரதியில் நெல்வகை, மாட்டுவகை, ஏர்வகை என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. நம் தமிழாசிரியர்கள் இதை ‘வளம்’ என்று சொல்லிக்கொடுத்தார்கள். அந்தக் காலத்து வாகனப் பட்டியல் அது. இன்றைக்கு டயர்க் கடை விலைச்சீட்டு எப்படியோ அப்படி. ஒவ்வொரு காளையின் பெயரும் குடும்பனுக்குத் தெரியும், எந்த நெல் எந்த மண்ணுக்கு என்று தெரியும். ஆனால் கணக்குக் கேட்கப் பண்ணைக்காரன் வருகிறான். குடும்பனைத் தொழுவில் மாட்டுகிறான். மாடு முட்டிச் சாய்கிறவனும் குடும்பன்தான். அறிவு அவனிடம், கருவி அவன் கையில், நிலம் அவனுடையதல்ல. நிலம்தான் அச்சு.

இன்னொரு ஒப்பீடு. வில்லுவண்டி ஓடியது 1893. அதற்கு முந்தின வருஷம், 1892-ல், செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்க அரசாணை வந்தது. பஞ்சமி நிலம். அவை எப்படிக் கை மாறின, 1994-ல் காரணையில் அந்த நிலத்தைக் கேட்டவர்கள்மேல் எப்படித் துப்பாக்கி பேசியது என்பதெல்லாம் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே காலத்தில் வில்லும் கேட்கப்பட்டது, அச்சும் கேட்கப்பட்டது. நூற்று முப்பது வருஷத்துக்கு அப்புறம் வில் கடையில் கிடைக்கிறது, மாதத் தவணைக்கும் கிடைக்கிறது. அச்சு பதின்மூன்று மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது.

அச்சு உயராமல் உடம்பு மட்டும் உயர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி உண்டு. 1995 ஆகஸ்ட் 31, கொடியங்குளம். வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய காசில் தலித் வீடுகளில் சேர்ந்திருந்த டி.வி., ஃபேன், டேப் ரிக்கார்டர், தையல் மெஷின் ஒவ்வொன்றாக உடைக்கப்பட்டன. உடைத்தது போலீஸ். அந்தச் சாமான்களை ‘நுகர்வு மோகம்’ என்று நாம் அலட்சியமாகக் கடந்து போகலாம். லத்தி வைத்திருந்தவன் அப்படிக் கடந்து போகவில்லை. அவன் அவற்றைச் சரியாக வாசித்தான். அவை உயரம் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. உயரத்தை எவ்வளவு சுலபமாக உடைக்கலாம் என்றும் தெரிந்திருந்தது.

6

டயருக்கே ஒரு நிலம் உண்டு என்பதையும் சொல்லாமல் விட முடியாது. எல்லா நிலத்துக்குமானது என்று எழுதியிருக்கிற பொருள் எந்த நிலத்தில் செய்யப்படுகிறது? தமிழ்நாடு டயர் செய்கிற மாநிலம். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி 1960-களில் டயருக்கு வந்தது. பிறகு எத்தனையோ. அதில் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய்க் கண்டிகை. ஊர்க்காரர்கள் பெரும்பாலும் தலித்துகள். ஊரைச் சுற்றிய மேய்க்கால் காட்டை அவர்களே பேணி வந்தார்கள். ஆடு மாடு, விறகு, தண்ணீர் எல்லாம் அதிலிருந்து. அந்த நிலம், ஆயிரம் ஏக்கருக்கு மேல், சிப்காட் வளாகம் ஆயிற்று. 2009-ல் பிரெஞ்சு டயர் நிறுவனம் மிஷ்லின் அரசோடு ஒப்பந்தம் போட்டது. ஊர்மக்கள் மறியல் செய்தார்கள், சிறைக்குப் போனார்கள். 2012-ல் அவர்களுடைய சங்கமும் பிரான்சிலுள்ள அமைப்புகளும் ஒரு பிரெஞ்சுத் தொழிற்சங்கமும் சேர்ந்து பாரிசில் ஓ.இ.சி.டி. நெறிமுறைகளின்கீழ்ப் புகார் கொடுத்தார்கள். அடுத்த வருஷம் அறிக்கை வந்தது. காடு திரும்ப வரவில்லை.

இங்கே தெற்கிலும் மேலே ஏறிப் பாருங்கள். மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்குப் போகிற பாதைதான் எங்கள் பக்கத்தில் உண்மையான ஏ.டி. பாதை. தூக்கிய வண்டி வைத்திருக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் அங்கே போய்ப் படம் எடுக்க ஆசை. அந்தப் பாதையில் மூன்று நாலு தலைமுறை ஏறி இறங்கியவர்கள் தேயிலைத் தொழிலாளர்கள். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு அது. 1999 ஜூலை 23-ல் அவர்களுடைய கூலிக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டியது. 17 பேர் செத்தார்கள், ஒரு சின்னக் குழந்தையும். 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வுத் தாளை நீட்டி அவர்களைக் கீழே இறங்கச் சொன்னது. குறிஞ்சியில் பிறந்து வளர்ந்தவன் இறங்குகிறான், சமவெளிக்காரன் ஏ.டி. டயர் போட்டு ஏறுகிறான். எல்லா நிலத்துக்கும் போகிற உரிமையும் ஒரு நிலத்தில் இருக்கிற உரிமையும் வேறு வேறு. முதலாவதைக் கடையில் வாங்கலாம்.

7

கடைசியில் என்ன வாங்கினோம் என்று வாசகர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும்.

தீர்மானிப்பதற்கு முன் கடைக்காரர், தூக்கிய வண்டி ஒன்றை வீட்டுக்கே ஒரு நாள் அனுப்பிவைத்தார். இரண்டு அங்குலம் லிஃப்ட், பெரிய டயர். தெருவே கூடிவிட்டது. அத்தான் ஏறி உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. ஏழு வயசுப் பையனின் முகம். அத்தையை ஏறச் சொன்னார்கள். ஐம்பது வருஷம் பீடித்தட்டை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்த முழங்கால். ஒரு காலைத் தூக்கினாள், கைப்பிடியைப் பிடித்தாள், முடியவில்லை. பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்தார்கள், அது ஆடியது. “வேண்டாம்ய்யா” என்று சொல்லிவிட்டு வண்டிக்கு முன்பக்கமாகச் சுற்றி வந்தாள். அத்தான் உள்ளேயிருந்து,

“ஏல, அம்மாவ எங்க?” என்றார்.

“இந்தா முன்னாலதான நிக்கேன்.”

பானெட்டுக்குக் கீழே நின்றிருந்தாள். அவருக்குத் தெரியவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

இதை வைத்து நான் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது அந்தக் கூட்டத்துப் பேச்சின் தொடர்ச்சியாகத்தான் இருந்திருக்கும். மறுநாள் அவரே கடைக்குப் போனார். லிஃப்ட் வேண்டாமென்றார். தொய்ந்துபோயிருந்த பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் கம்பெனி அளவிலேயே மாற்றினார். வண்டி தன் பழைய உயரத்துக்கு நிமிர்ந்தது. டயர் மட்டும் ஏ.டி. போட்டார், கம்பெனி அளவான அதே 265/65. நூற்றுக்கு ஐந்து மண்ணுக்கு அது தேவையில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். “அது கெடக்கட்டும் மாப்ளே” என்றார். அதற்குமேல் நானும் கேட்கவில்லை. பக்கவாட்டில் அத்தை ஏற ஒரு படிப்பலகை வைத்தார்.

எனக்கு இது முடிவல்ல. நுகர்வை விமர்சிக்கிற நமது மொழி, இறங்கச் சொல்லப்பட்டவனின் உயர ஆசையைப் புரிந்துகொள்ளாமல் ஒரு அடி நகர முடியாது. அதேபோல, அடையாளத்தைக் கொண்டாடுகிற நமது மொழி, அச்சு உயரவில்லை என்பதைப் பார்க்காமல் ஒரு அடி நகர முடியாது. இந்த இரண்டு மொழியும் இப்போது இரண்டு வேறு பத்திரிகைகளில், இரண்டு வேறு கூட்டங்களில் பேசப்பட்டுக்கொண்டிருக்கின்றன. ஒரு கூட்டத்தில் அத்தானுக்கு இடமில்லை. இன்னொன்றில் வண்டிக்கு முன்னால் நின்ற அத்தைக்கு இடமில்லை. இரண்டு பேரும் ஏறக்கூடிய உயரம் எது என்பதை விவாதிக்க நண்பர்கள் யாராவது எழுதினால் நல்லது.

வண்டி அந்தத் தெரு வழியாகத்தான் தினமும் போகிறது. இறங்காமல்.